கரப்பானுக்குப் பத்தியம்: எதை முதலில் நிறுத்துவது, எப்போது திரும்பக் கொடுப்பது

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் கரப்பான் உள்ள குழந்தைகள் நாலு பேர். என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அவன் தோல் தேறிவிட்டது என்பதால் நாலு வீட்டிலிருந்தும் ஒரே கேள்வி வருகிறது: "அக்கா, எதைக் கொடுக்கக் கூடாது?"

அதற்குப் பதில் கீழே ஐந்தாவது படியில்தான் வரும். முதல் நாலு படியைத் தாண்டி நேராக அங்கே குதித்தவர்கள் யாருக்கும் விடை கிடைத்ததை நான் பார்த்ததில்லை. நானும் குதித்தவள்தான். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, மீன், கத்தரிக்காய் என்று ஆறையும் ஒரே நாளில் நிறுத்தினேன். அரிப்பு கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்தது. ஐந்து மாதத்தில் பையன் எடை ஏறவே இல்லை. ஆறில் எது குற்றவாளி என்பதும் கடைசிவரை தெரியவில்லை.

கரப்பான் என்று நான் இங்கே சொல்வது டாக்டர்கள் எக்ஸிமா என்றும் அட்டாபிக் டெர்மடைட்டிஸ் என்றும் எழுதுகிற நோயை.

1. முதலில், இது கரப்பான்தானா?

அரிக்கிற தோலெல்லாம் கரப்பான் ஆகிவிடாது. விரல் இடுக்கில் அரித்து, ராத்திரியில் அதிகமாகி, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். வட்டமாக, ஓரம் தடித்துப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். இரண்டுக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை, மருந்தும் வேறு. கரப்பான் கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் கை கால்களின் வெளிப்புறத்திலும் வரும். வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை மடிப்பு, முட்டியின் பின்பக்கம், கழுத்து என்று இடம் மாறும்.

தொட்டதால் வருவதைத் தின்றதால் வந்ததாக நினைப்பது இன்னொரு குழப்பம். கணுக்காலைச் சுற்றி மட்டும் வளையம் போட்ட மாதிரி அரித்தால் கொலுசைக் கழற்றிவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். வெள்ளியோடு கலந்த உலோகம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நம் ஊரில் கொலுசு போடாத பெண் பிள்ளை ஏது? சித்திரை, வைகாசியில் உதட்டைச் சுற்றி மட்டும் எரிந்து சிவந்தால் மாம்பழத் தோலிலும் காம்பிலும் இருக்கிற பால்தான் முதல் சந்தேகம். குண்டு மாம்பழத்தைக் கடித்து உறிஞ்சும் பிள்ளைக்கு அதையே தோல் சீவி, துண்டு போட்டுக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெரியவர்களுக்கு உணவால் கரப்பான் கிளம்புவது அபூர்வம். இடது கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் வெடித்து வரும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். வலது கையில் கத்தி, இடது கையில் பூண்டு. பத்தியம் இருப்பதை விட்டுவிட்டு, பூண்டைக் கையால் தொடாமல் இருந்தாலே பாதி தீரும்.

இவ்வளவும் பார்த்த பிறகு டாக்டரிடம் ஒரு முறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போனால் பார்த்துவிட்டு வரலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏதாவது சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பது, உதடோ கண்ணோ வீங்குவது, திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சுத் திணறல், குழந்தை துவண்டு போவது என எது வந்திருந்தாலும் இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்லை. அது உடனடி ஒவ்வாமை. அந்தப் பொருளை வீட்டில் வைத்துச் சோதிக்கவே கூடாது. அப்படி நடந்துகொண்டிருக்கும்போது மிளகும் வெற்றிலையும் தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

2. சாப்பாட்டில் கை வைக்கும் முன் தோலை அடக்குங்கள்

இந்தப் படிக்கு மூன்று வாரம். காரணம் எளிது. தோல் தானாகவே தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், உணவால் ஏறியதா, வியர்வையால் ஏறியதா என்று எப்படிச் சொல்வீர்கள்? கலங்கிய தண்ணீரில் எதைப் போட்டாலும் தெரியாது. முதலில் தெளிய வைக்க வேண்டும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல். நுரை பொங்கும் சோப்பு வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர். மிச்சமுள்ள ஈரத்தை அது உள்ளேயே பூட்டி வைக்கும். காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது தடவ வேண்டும். உடம்பு முழுக்க இருக்கிற குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் கூடப் பிடிக்கும். சின்ன ட்யூப் வாங்கி ஒரு மாதம் ஓட்டுகிறவர்கள் "தடவியும் கேட்கவில்லை" என்பார்கள். தடவவே இல்லை என்பதுதான் உண்மை.

டாக்டர் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தால் பயந்து பட்டாணி அளவில் கால் பங்கு வைக்காதீர்கள். அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர் ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும். எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்வார். நாமாக மெடிக்கலில் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்திருப்பது உண்டு. நான் அப்படி ஒன்றை இரண்டு மாதம் போட்டேன். தோல் மெலிந்து நரம்பு தெரிய ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினேன்.

அடுத்தது பாட்டிமார்களுக்குப் பிடிக்காது. கடலை மாவு, பாலாடை, பாதாம் எண்ணெய், கடலை எண்ணெய் எதையும் வெடித்த தோலில் தேய்க்காதீர்கள். உணவுப் பொருள் வாய் வழியாகப் போனால் உடம்பு அதைப் பழகிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். உடைந்த தோல் வழியாகப் போனால் எதிரியாகப் பதிய வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். இல்லாத ஒவ்வாமையை நாமே உண்டாக்கிவிடலாம்.

இந்த மூன்று வாரத்திலேயே பாதிப் பேருடைய பிரச்சினை அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அடங்கி, அப்படியே நின்றுவிட்டால் சரி, பத்தியம் எதுவும் தேவையில்லை. இங்கேயே நிறுத்திவிடலாம். நடுத்தரமாகவோ கடுமையாகவோ கரப்பான் உள்ள சின்னக் குழந்தைகளிலேயே சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் உணவு ஒவ்வாமை இருக்கிறது. லேசாக உள்ளவர்களில் அதைவிடக் குறைவு.

3. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, செல்போன் கேமரா, எடை பார்க்க ஒரு இடம். எங்களுக்கு அங்கன்வாடி எடை மெஷினே போதுமாக இருந்தது. முக்கியமாக, குழந்தைக்கு ஊட்டுகிற எல்லாரையும் ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். என் மாமியாரிடம் "அத்தை, நீங்க ஒரு வாய் கொடுத்தாலும் எழுதணும்" என்று சொன்னபோது முகம் மாறியது. ஆனால் அடுத்த நாளிலிருந்து நோட்டை ஒழுங்காக எழுதியது அவர்தான், நான் இல்லை.

ஆடி மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் தெருவுக்குத் தெரு கூழ், பொங்கல், சொந்தக்காரர் வீட்டு விருந்து. யார் எதைக் கொடுத்தார்கள் என்று கணக்கே இருக்காது. தீபாவளி வாரமும் அப்படித்தான். பெரிய விசேஷம் இல்லாத இரண்டு மாதம் தேடிக்கொள்ளுங்கள்.

4. இரண்டு வாரம் நோட்டு எழுதுவது

இப்போதைக்கு எதையும் நிறுத்த வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிடட்டும், எழுத மட்டும் செய்யுங்கள். என் நோட்டிலிருந்து மூன்று நாள்:

திங்கள். காலை இட்லி 2, நிலக்கடலைச் சட்னி. 10 மணி பிஸ்கட் 3. மதியம் பருப்பு சாதம், நெய். மாலை பக்கத்து வீட்டில் பிறந்தநாள், கேக் ஒரு துண்டு. இரவு பால் சாதம். அரிப்பு 3. ராத்திரி எழவில்லை.

செவ்வாய். காலை தோசை, தக்காளிச் சட்னி. மதியம் ரசம் சாதம், கத்தரிக்காய்ப் பொரியல். மாலை தட்டுவடை செட் பாதி. இரவு இட்லி, பால். அரிப்பு 5. ஒரு முறை எழுந்தான்.

புதன். புதிதாக எதுவும் இல்லை. முட்டி மடிப்பு சிவப்பு. அரிப்பு 8. நாலு முறை எழுந்தான்.

புதனன்று சிவந்ததைப் பார்த்ததும் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் "நேத்து கத்தரிக்காய்!" என்றார்கள். கரப்பான் உடனே கிளம்ப வேண்டிய அவசியமில்லை. 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை கழித்தும் வரும். அதனால் சிவந்த நாளிலிருந்து இரண்டு நாள் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் திங்கள் மாலைக் கேக்கும் கணக்கில் வருகிறது. ஒரு தடவை வந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் இன்னும் இரண்டு இடத்தில், ஒரு முட்டைப் பரோட்டாவுக்குப் பிறகும் சத்துணவு முட்டைக்குப் பிறகும் இதே மாதிரி ஏறியிருந்தது. கத்தரிக்காய் சாப்பிட்ட மற்ற நாலு நாளும் ஒன்றும் ஆகவில்லை.

அரிப்புக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள். "கொஞ்சம் பரவாயில்லை" என்று எழுதினால் பத்து நாள் கழித்து அதற்கு அர்த்தம் இருக்காது. ராத்திரி எத்தனை தடவை எழுந்தது என்பது பொய் சொல்லாத கணக்கு. படம் எடுத்தால் ஒரே ஜன்னல் ஓரம், ஒரே நேரம். டியூப் லைட்டில் எல்லாத் தோலும் சிவப்பாகத்தான் தெரியும்.

உணவு அல்லாததற்கும் ஒரு வரி விடுங்கள்: வெயில், விளையாடி வியர்த்தது, புது சட்டை, சளி, பரீட்சை. இந்த வரி எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் புரிந்தது என் நாத்தனார் விஷயத்தில். மார்கழியில் ஏற்காடு போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார்கள். வந்ததும் மகளுக்குக் கழுத்தெல்லாம் வெடிப்பு. அங்கே வாங்கிய ஆரஞ்சுதான் காரணம் என்று முடிவு கட்டி, ஒரு வருடம் எலுமிச்சை உள்பட எல்லாப் புளிப்பையும் நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்து கேட்டால் கதை வேறு. மலையில் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்ந்த காற்று, கழுத்து வரை உரசும் கம்பளி ஸ்வெட்டர், லாட்ஜ் சோப்பு, கெய்சரில் கொதிக்கக் கொதிக்கக் குளியல், மாய்ஸ்சரைசர் டப்பா வீட்டிலேயே மறந்து போனது. ஐந்தும் ஒரே இரண்டு நாளில். ஆரஞ்சு பாவம். புளிப்பும் தக்காளியும் வாயைச் சுற்றிப் பட்ட இடத்தில் சிவக்க வைக்கும், துடைத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அது ஒவ்வாமையில் சேராது.

5. சந்தேகப் பட்டியலில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பது

குழந்தைகளுக்குக் கரப்பானைக் கிளப்பும் உணவுகளில் முன்வரிசையில் நிற்பவை பசும்பாலும் முட்டையும். அடுத்து நிலக்கடலை, கோதுமை, சோயா, மீன், முந்திரி பாதாம் போன்ற பருப்புகள், இறால் நண்டு வகை. உங்கள் நோட்டில் இவற்றில் எது மூன்று தடவையாவது அரிப்புக்கு முன்னால் வந்து நிற்கிறதோ அதுதான் முதல் சந்தேகம்.

சரி, கரப்பான் பண்டம்? கத்தரிக்காய், கருவாடு, சோளம், கம்பு, வரகு, நிலக்கடலை என்று ஒவ்வொரு வீட்டுப் பெரியவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும், இரண்டு வீட்டுப் பட்டியல் ஒன்றாக இருக்காது. அதை நான் கேலி செய்யவில்லை. நிலக்கடலையும் மீனும் டாக்டர் பட்டியலிலும் இருக்கின்றன. கத்தரிக்காய் தின்றால் சிலருக்கு நாக்கும் தொண்டையும் அரிப்பதும் உண்மை. பட்டியலை அப்படியே தூக்கிக் கடைப்பிடிப்பதுதான் தவறு. அதில் ஒன்றை எடுத்து, நோட்டில் தேடி, அங்கேயும் இருந்தால் சோதியுங்கள். பெரியவர் மனமும் கோணாது, பிள்ளை வயிறும் காயாது.

வீட்டில் அரைக்கும் சத்துமாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோதுமை, முந்திரி, பாதாம், நிலக்கடலை, சோயா, பயறு என்று இருபது பொருள் ஒரே கஞ்சியில். அதைக் குடித்து அரித்தால் இருபதில் யாரைப் பிடிப்பது? சோதனைக் காலம் முடியும் வரை சத்துமாவுக்கு விடுமுறை. கேழ்வரகு மட்டும் கொடுங்கள்.

ரத்தப் பரிசோதனை, தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை இரண்டும் உதவும், ஆனால் தீர்ப்பு சொல்லாது. பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டால் தொந்தரவு வருமா என்பது சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். கரப்பான் உள்ள குழந்தைக்கு நாலைந்து பொருளுக்குப் பாசிட்டிவ் வருவது சாதாரணம். அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, அத்தனையும் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். நூறு, இருநூறு உணவுக்கு ஒரே குத்தில் பார்க்கிறோம் என்று விற்கிற ஐஜிஜி பரிசோதனையில் காசு போடவே வேண்டாம். எதை அடிக்கடி சாப்பிடுகிறோமோ அதைத்தான் அது காட்டும்.

6. நிறுத்துவது: ஒரு பொருள், நாலு வாரம், முழுசாக

தேர்ந்தெடுத்த பொருளை டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்குக் குறையக் கூடாது, நாலு வாரம் நல்லது. ஆறு வாரத்தைத் தாண்ட வேண்டாம். அதற்கான காரணம் எட்டாவது படியில் இருக்கிறது. மற்ற உணவு, சோப்பு, களிம்பு எதையும் மாற்றாதீர்கள்.

முழுசாக நிறுத்துவது என்றால் ஒளிந்திருக்கும் இடமும் தெரிய வேண்டும்.

பால்: டம்ளர்ப் பாலை நிறுத்திவிட்டுத் தயிரும் மோரும் ஊற்றுவார்கள். புளித்தாலும் பாலின் புரதம் அப்படியேதான் இருக்கிறது. நெய்யிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆட்டுப்பால், எருமைப்பால் மாற்று ஆகாது. பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது, புரதங்கள் அவ்வளவு ஒரே மாதிரி. தெருவில் விற்றுக்கொண்டு வரும் கழுதைப்பாலைக் காய்ச்சாமல் சங்கில் ஊற்றுவது இன்னும் மோசம், கிருமிதான் போகும். பிஸ்கட், பிரெட், சாக்லேட் உறையில் மில்க் சாலிட்ஸ், வே, கேசின் என்ற சொற்களைத் தேடுங்கள்.

முட்டை: உறைபோட்ட பொருளில் பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை சேர்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டு விதிப்படி முட்டை அசைவம்தான். அசைவக் குறி இப்போது சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பேக்கரியில் தட்டில் வைத்து விற்கும் பன்னுக்கு இந்தக் குறியெல்லாம் கிடையாது. மேலே பளபளவென்று இருந்தால் முட்டை தடவியிருக்கலாம், கேளுங்கள். பரோட்டா மாவிலும் கேளுங்கள். ஹோட்டலில் ஆம்லெட் போட்ட அதே கல்லில்தான் அடுத்த தோசை ஊற்றுவார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் தட்டுவடை செட்டும், தட்டுவடையை நொறுக்கிக் கலக்கும் நொறுக்கலும் வாங்கினால் முட்டை சேர்க்கிற கடையா என்று பார்த்து வாங்குங்கள்.

கோதுமை: சப்பாத்தியை நிறுத்துவது சுலபம். ரவை, மைதா, சேமியா மூன்றும் கோதுமைதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பொடியாகவோ கட்டியாகவோ கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம். நாலு வாரம் சாம்பாருக்குப் பெருங்காயம் இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

நிலக்கடலை: சட்னி தெரியும். கடலை மிட்டாய் தெரியும். புளியோதரையும் கலவை மிக்ஸரும் மறந்து போகும்.

2020ல் வந்த உணவு முத்திரை விதிகளின்படி பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருட்களை உறையில் தனியாகக் குறிப்பிட வேண்டும். பொடி எழுத்துதான். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சாப்பிடுகிற பிள்ளை என்றால் சத்துணவு அமைப்பாளரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுப்பார்கள். பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் போதும் என்று நினைத்தேன். என் மகன் முட்டையை வாங்கி நண்பனுக்குக் கொடுத்துவிட்டு, நண்பன் பாதி திருப்பிக் கொடுத்ததைச் சாப்பிட்டிருக்கிறான். நாலு வாரச் சோதனை பதினோராவது நாளில் முறிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

7. எடுத்த இடத்தில் வேறொன்றை வைப்பது

நிறுத்துகிற அதே நாளில் மாற்றுப் பொருள் வீட்டில் இருக்க வேண்டும். பாலை எடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் போகும். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகுக் களியோ கூழோ ஒரு வேளை, முருங்கைக் கீரை, எள் உருண்டை, மீன் சாப்பிடும் வீடானால் முள்ளோடு தின்கிற சின்ன மீன். முட்டையை எடுத்தால் பருப்பும் பயறும் கூடட்டும். கோதுமையை எடுத்தால் நமக்குக் கஷ்டமே இல்லை, இட்லி தோசை இருக்கிறது, சோளம் கம்பு இருக்கிறது.

ஜவ்வரிசியை மட்டும் நம்பாதீர்கள். ஜவ்வரிசிக்குப் பேர் போன ஊர், சேலத்துக்காரி இதைச் சொல்லக் கூடாதுதான். மரவள்ளி மாவிலிருந்து வருவதால் பால், கோதுமை, முட்டை எதுவும் அதில் இல்லை, குழந்தை வயிறும் நிரம்பும். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. தினம் இரண்டு வேளை ஜவ்வரிசிக் கஞ்சி குடித்த குழந்தை அரிப்பு இல்லாமல் இளைத்துப் போனதைப் பார்த்தேன்.

ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு எதை நிறுத்துவதும் டாக்டர் முடிவு. தாய்ப்பால் கொடுக்கிறவரைப் பத்தியத்தில் உட்கார வைப்பதும் அப்படித்தான். ரசம் சாதத்தில் மூன்று மாதம் ஓட்டிய தாய்க்கு முடி கொட்டியது, குழந்தைக்கு அரிப்பு நிற்கவில்லை. எல்லாருக்கும் மாதம் ஒரு முறை எடை. ஏறவில்லை என்றால் சோதனையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

8. திரும்பக் கொடுத்துப் பார்ப்பது

பத்தில் எட்டுப் பேர் செய்யாத படி இது. "நிறுத்தினோம், குறைஞ்சிடுச்சு, அப்புறம் எதுக்கு வம்பு?" என்பார்கள். நிறுத்திய அதே நாலு வாரத்தில் வெயில் தணிந்திருக்கலாம், களிம்பு வேலை செய்திருக்கலாம். கரப்பான் தானாகவே ஏறி இறங்கும். திரும்பக் கொடுக்கும்போது அரிப்பும் திரும்பினால்தான் குற்றம் உறுதி.

நாலு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையா? அந்தப் பொருள் நிரபராதி. வழக்கம்போலக் கொடுக்க ஆரம்பித்து, ஒரு வாரம் விட்டு அடுத்த சந்தேகத்துக்குப் போங்கள். என் மகனுக்குப் பால் அப்படித்தான் விடுதலை ஆனது.

குறைந்திருந்தால் திரும்பக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெறும் அரிப்பாக இருந்தது, நீண்ட நாள் நிறுத்திவிட்டுக் கொடுக்கும்போது உடனடி ஒவ்வாமையாக மாறிவிடும் ஆபத்து உண்டு. கரப்பான் கடுமையாக உள்ளவர்களுக்கு இது அதிகம். ஆறு வாரத்தைத் தாண்ட வேண்டாம் என்றது இதனால்தான். ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்திருந்தாலோ ஆஸ்துமா இருந்தாலோ மருத்துவமனையில் வைத்துக் கொடுப்பதே சரி.

வீட்டில் கொடுக்கலாம் என்று எங்கள் டாக்டர் சொன்ன பிறகு, முட்டைக்கு அவர் எழுதித் தந்த அளவு இது. முதல் நாள் காலை, நன்றாக வேகவைத்த முட்டையில் கால் டீஸ்பூன். இரண்டு மணி நேரம் கண் முன்னாலேயே வைத்திருப்பது. இரண்டாம் நாள் ஒரு டீஸ்பூன். மூன்றாம் நாள் அரை முட்டை. பிறகு ஏழாம் நாள் வரை தினம் ஒன்று. இந்த அளவு எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது, உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில், வேலை நாளில் கொடுங்கள். ராத்திரி கொடுத்துவிட்டுத் தூங்கினால் யார் பார்ப்பது? சளி, காய்ச்சல் இருக்கும்போதும், தடுப்பூசி போட்ட வாரத்திலும், ஊருக்குப் போகும்போதும் வேண்டாம்.

மூன்றாம் நாள் ராத்திரி என் மகன் மூன்று தடவை எழுந்தான். நாலாம் நாள் முட்டி மடிப்பில் பழைய சிவப்பு. நிறுத்தினோம், களிம்பு போட்டு ஐந்து நாளில் அடங்கியது. மூன்று வாரம் கழித்து அவர் சொன்னபடி இன்னொரு முறை. மறுபடி அதே மூன்றாம் நாள். இதற்குப் பிறகுதான் நோட்டின் அட்டையில் "முட்டை" என்று எழுதினேன். ஐந்து மாதம் ஆறு பொருளை நிறுத்திக் கிடைக்காத விடை இது.

9. விடை தெரிந்த பிறகு

ஒரே ஒரு பொருளை விலக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுங்கள். பொருள் விலகியது என்பதற்காக மாய்ஸ்சரைசரை விடாதீர்கள். உணவு தீக்குச்சி மாதிரி, காய்ந்த தோல்தான் விறகு.

முட்டை ஒத்துக்கொள்ளாது என்று தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் அதைப் போடலாம். போடும்போது சொல்லிவிட்டால் போதும்.

அடுத்த குழந்தை பிறந்தால் பயத்தில் நிலக்கடலையையும் முட்டையையும் இரண்டு, மூன்று வயது வரை தள்ளிவைப்பதும் பழைய பழக்கம். இங்கிலாந்தில் நடந்து 2015ல் வெளியான லீப் ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள கைக்குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள்ளேயே நிலக்கடலை கொடுக்க ஆரம்பித்ததில், கொடுக்காதவர்களைவிட நிலக்கடலை ஒவ்வாமை மிகவும் குறைந்தது. டாக்டரிடம் கேட்டு, மைய அரைத்து, கரைத்துக் கொடுக்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும்.

விலக்கியது ஆயுசுக்கும் என்று நினைக்காதீர்கள். பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் நிறையப் பேர் வளர வளர மீண்டுவிடுகிறார்கள். நிலக்கடலையும் மீனும் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து டாக்டரிடம் மறுபடி கேளுங்கள். மாவோடு சேர்த்து நன்றாக வெந்த முட்டை பெரும்பாலும் முதலில் ஒத்துக்கொள்ளும், அரைவேக்காடு கடைசியில். என் மகன் கேக்கில் ஆரம்பித்தான், பிறகுதான் ஆம்லெட். இப்போது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் அவன் கேட்பதே முட்டை போட்ட நொறுக்கல்தான். காரத்தில் வாயைச் சுற்றிச் சிவக்கும். துடைத்துவிட்டுப் பார்ப்பேன், பத்து நிமிடத்தில் போய்விடும்.